தெளிந்ததெல்லாம் தூய நீரன்று

மீன் வளர்க்கும் மாணாக்கர் எமக்கு எழுதும் கடிதங்களில் ஒரு வினா மீண்டும் மீண்டும் வருகின்றது. "தொட்டி நீர் பளிங்கு போல் இருத்தற்கு வடிகட்டியினுள் எப்பொருளை இடுதல் வேண்டும்? கடையிலே பஞ்சு, கரி, வளையம் எனப் பலவற்றைக் காட்டுகின்றனர், எதை வாங்குவது?" என்பதே அவ்வினா. இவ்வாரம் அதற்கு விடை கூற எண்ணினோம். ஆயினும், அதற்கு முன் எமது வீட்டிலே நாம் செய்த தவறு ஒன்றை வாசகர்முன் ஒப்புக்கொள்ளுதல் கடனாகும். நைத்திரசன் வட்டத்தைப் பல்லாண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய எமக்கு, அவ்வட்டம் எமது முன்னறையிலேயே சுழன்றுகொண்டிருந்தமை தெரியாமற் போயிற்று.

சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு முந்திய தினம். கொழும்பிலே நாம் குடியிருக்கும் சிறு வீட்டில், வழக்கம்போலச் சுவர் முதல் வாசற்படி ஈறாக யாவும் கழுவப்பட்டன. முன்னறையில் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுங் கொண்ட கண்ணாடித்தொட்டி ஒன்றுண்டு; ஏறக்குறைய 55 லீற்றர் நீர் கொள்வது. எட்டு மாதமாக எம் மகள் வளர்த்துவந்த பதினொரு மீன்கள் அதில் இருந்தன. கப்பியும் மொல்லியுமே அவற்றுட் பெரும்பாலன. "நாளைக்கு ஆக்கள் வருவினம், அதையும் ஒருக்கால் கழுவி விடுங்கோவன்" என்றார் எமது இல்லத்தரசியார். நாமும் மனமுவந்து இறங்கினோம். மீன்களை வாளியில் விட்டோம். அடியிற் பரப்பியிருந்த கூழாங்கற்களைச் சுடுநீரில் அலசினோம். வடிகட்டியினுள் இருந்த ஸ்பொஞ்சு கபில நிறமாய், வழுவழுப்பாய்க் காணப்பட்டது. அதனை எறிந்துவிட்டு வெள்ளை வெளேரென்ற புதிய துண்டு ஒன்றை வைத்தோம். மட்பாண்ட வளையங்களைக் குழாயின்கீழ் நெடுநேரம் தேய்த்துக் கழுவினோம். தொட்டியைக் குழாய்நீரால் நிரப்பிக் குளோரீன் நீக்கும் மருந்தையும் அளவறிந்து விட்டோம்.

பொங்கலன்று வந்த உறவினர் யாவரும் தொட்டியைப் பாராட்டினர். நீர் இருக்கின்றதோ, மீன்கள் வெறும் வெளியிலே மிதக்கின்றனவோ என்று ஐயுறத்தக்க தெளிவு! நான்காம் நாட் காலையில் மீன்கள் எல்லாம் மேற்பரப்பிற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அன்றிரவு மூன்று மாண்டன, மறுநாள் நான்கு. "அப்பா, தண்ணி இவ்வளவு தெளிவாய்க் கிடக்குது. பிறகேன் செத்தது?" என்று மகள் கேட்டாள். அவளுக்கு உடனே கூற எம்மிடம் விடை இருந்ததில்லை.

அந்நீரிற் சிறிதைப் போத்தலில் அடைத்துக் கல்லூரி ஆய்கூடத்துக்கு எடுத்துச் சென்றோம். நெசிலரின் சோதனைப்பொருளிற் சில துளி விட்டதும், கண்ணாடிபோல் இருந்த நீர் மஞ்சளாகி மெல்லக் கபிலமாயிற்று. அது அமோனியாவின் அடையாளம். (அச்சோதனைப்பொருள் இரசம் கலந்த நஞ்சாகையால் வீட்டிற் கையாளத் தகாது, மீன் விற்குங் கடைகளில் இதற்கென வேறு சோதனைப் பொதிகள் கிடைக்கும்.)

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீனானது தன் உடலிற் சேருங் கழிவு நைத்திரசனிற் பெரும்பகுதியைப் பூக்களின் வழியாக அமோனியா வடிவிலேயே நீரிற் கலக்கின்றது. உண்ணாது விடப்பட்ட இரையும், உதிர்ந்த இலையும் அழுகும்போதும் அமோனியா உண்டாகும். அது நிறமற்றது, நீரில் முற்றாகக் கரைவது. எத்துணை மெல்லிய பஞ்சாலும் அதனை வடித்தெடுத்தல் இயலாது. ஆயின், எட்டு மாதமாக எம் மீன்கள் நலமே வாழ்ந்தது எவ்வாறு? நாம் எறிந்துவிட்ட அந்தக் கபிலநிற ஸ்பொஞ்சிலும், தேய்த்துக் கழுவிய வளையங்களிலும், சுடுநீரிற் குளித்த கற்களிலும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்தன. அவற்றுள் ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். அமோனியா மீனின் பூக்களைச் சிதைப்பது. நைத்திரைற்று இரத்தத்தின் ஒட்சிசன் தாங்கும் வலிமையைக் கெடுப்பது. நைத்திரேற்றோ அவ்விரண்டிலும் மிகக் குறைந்த தீங்குடையது, நீர்த்தாவரங்களுக்கு உணவுமாவது.

இவ்வுண்மை மீன்தொட்டியிற் கண்டறியப்பட்டதன்று. பிரான்சு நாட்டிலே 1877 ஆம் ஆண்டில் ஷ்லொசிங், மூன்ஸ் என்னும் அறிஞர் இருவர், மணலும் சுண்ணக்கல்லும் நிறைத்த நீண்ட குழாயொன்றினுள் கழிவுநீரை மெல்ல மெல்லச் சொட்டவிட்டனர். முதலில் உட்சென்ற அமோனியா அமோனியாவாகவே வெளிவந்தது. ஏறக்குறைய இருபது நாட்களின் பின்னரே நைத்திரேற்று தோன்றிற்று. மணலே இம்மாற்றத்தைச் செய்ததாயின் அது முதல்நாளே நிகழ்ந்திருத்தல் வேண்டுமன்றோ? அடுத்து, குளோரபோம் ஆவியைக் குழாயினுட் செலுத்தினர், மாற்றம் நின்றுவிட்டது. அவ்வாவியை நீக்கியபின் மண் அலசிய நீரைச் சிறிது விட்டனர். சில நாட்களில் மாற்றம் மீண்டும் தொடங்கிற்று. உயிருள்ளவையே இவ்வேலையைச் செய்கின்றன என்பது அதனால் துணியப்பட்டது. 1890 ஆம் ஆண்டளவில் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைப் பிரித்தெடுத்து, இருவேறு கூட்டங்கள் இருவேறு படிகளைச் செய்கின்றன எனக் காட்டினார்.

எமது முன்னறையில் நிகழ்ந்ததும் அதே பரிசோதனைதான். அறிஞர்கள் குளோரபோமாற் செய்ததைக் குழாய்நீராலும் சுடுநீராலும் நாம் செய்துவிட்டோம். அவர்கள் அறிந்து செய்தனர். நாம் அறியாது செய்தோம்.

இதனை மகளுக்கு விளக்குதற்கு அடுக்களையே துணை செய்தது. பாலைத் தயிராக்குவதற்கு முதல்நாளைத் தயிரிற் சிறிது எடுத்து வைத்து உறையிடுகின்றோம். சட்டியை மினுக்க வேண்டுமென்று உறைமோர் முழுவதையுங் கொட்டிவிட்டால், மறுநாள் பால் எத்துணை நல்லதாயினுந் தயிராகாது. அப்போது அயல்வீட்டிற் கொஞ்சம் உறைமோர் கேட்டு வாங்குகின்றோம். தொட்டியின் பழைய ஸ்பொஞ்சே அந்த உறைமோர் என்றோம்; அவள் உடனே விளங்கிக்கொண்டாள்.

கலங்கலின் வகை அறிதல்

இனி, எவ்வடிபொருளை வாங்குவது என்னும் வினாவிற்கு வருவோம். நோயறியாது மருந்து கொடுத்தலாகாது. ஆதலின், நீர் எவ்வகையாற் கலங்கியுள்ளது என்பதை முதலில் நோக்குக.

புதிய கல்லும் மணலும் இட்டவுடன் தூள் எழுந்து கலங்கினால் அது வெறுந் தூசி. நுண்பஞ்சு அதனை ஒன்றிரண்டு நாளிற் பிடித்துவிடும். புதிய தொட்டியில் சில நாட்களின் பின் பால் கலந்தாற்போல் வெண்மை படர்ந்தால், அது நீரிற் கரைந்த கழிவை உண்டு பெருகிய பற்றீரியா. அதனைக் கண்டு அஞ்சி நீர் முழுவதையும் மாற்றுவோர் பலர்; மாற்றிய நீரும் மீண்டும் வெளுக்கும். இரையைக் குறைத்துப் பொறுத்திருந்தால் தானே தெளியும். நீர் பச்சையாயின் அது மிதக்கும் அல்கா; பஞ்சிற்கு அகப்படாத சிறுமையுடையது. தொட்டியைச் சாளரத்து வெயிலினின்று அகற்றுதலும், விளக்கெரியும் நேரத்தைக் குறைத்தலுமே அதற்கு வழி. தேயிலைச்சாயம் போன்ற நிறம் காணின், அது தொட்டியில் இட்ட மரக்கட்டையினின்றும் இலைகளினின்றும் ஊறியது. கரி அதனை நீக்கும். ஆயினும், அந்நிறம் மீனுக்குத் தீங்கன்று என்பதையுஞ் சொல்லுதல் வேண்டும். எம் நாட்டுத் தென்மேற்கு ஈரவலயத்தில், மரநிழல் மூடிய ஓடைகளில், இலைச்சருகின்மேல் ஓடும் நீரில் வாழும் அழகிய சிறுமீன்கள் பல உண்டு.

மூவகை வடிபொருள்

வடிகட்டியினுள் இடும் பொருள்கள் எத்தனை பெயரில் விற்கப்படினும் அவை மூவகையுள் அடங்கும்.

முதல்வகை தூசி பிடிப்பவை. பெருந்துளை ஸ்பொஞ்சு, சிறுதுளை ஸ்பொஞ்சு, தலையணையில் அடைக்கும் பொலியெஸ்ரர்ப் பஞ்சு என்பன இவ்வகையின. பருத்திப் பஞ்சு இதற்கு ஏலாது. அது நீரில் இறுகி அடைத்துப் பின் அழுகும். பாத்திரங் கழுவும் ஸ்பொஞ்சுகளிற் சில மருந்தூட்டப்பட்டவை, அவற்றையுந் தவிர்க்க. நீரைக் கண்ணுக்குத் தெளிவாகக் காட்டுவது பெரும்பாலும் இவ்வகையே. எம் அன்னையார் இளமையிலே மழைக்காலத்துக் கலங்கல்நீருக்குக் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைப்பாராம். அக்கொட்டையின் சத்து மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டுவித்து அடியில் அமிழ்த்தும். இன்று கடையில் விற்கும் தெளிவாக்கும் திரவங்கள் செய்வதும் அவ்வேலையே. துகளைத் திரட்டிப் பஞ்சில் அகப்படச் செய்வன. அமோனியாவை அவை நீக்குவதில்லை.

இரண்டாம் வகை நுண்ணுயிர்க்கு வீடாவன. மட்பாண்ட வளையங்கள், துளையுள்ள எரிமலைக்கல், ஸ்பொஞ்சு என்பன இவ்வகையின. இங்கே நோக்கவேண்டியது மேற்பரப்பின் அளவும், நீர் தடையின்றி உட்சென்று வெளிவருதலுமே. இந்நுண்ணுயிர்கள் ஒட்சிசன் வேண்டுவன. அடைபட்டுப்போன பொருளில் அவை வாழா. பணவசதி குறைந்த மாணாக்கர் மனந்தளர வேண்டியதில்லை. சாயமும் மெழுகும் பூசாத மண்சட்டியை உடைத்துச் சிறு ஓடுகளாக்கி, கழுவி இட்டாலும் நுண்ணுயிர் குடியேறும். காற்றுப் பம்பியால் இயங்கும் எளிய ஸ்பொஞ்சு வடிகட்டி ஒன்றே சிறு தொட்டிக்குப் போதும். அது தூசியையும் பிடிக்கும், நுண்ணுயிரையுந் தாங்கும்.

மூன்றாம் வகை கரைந்தவற்றை ஈர்த்துப் பிடிப்பவை. இவற்றுட் பெயர்பெற்றது ஆற்றலூட்டிய கரி. நம் நாட்டிலே சிரட்டைக்கரியிலிருந்து அது ஆக்கப்பட்டு வெளிநாடுகளுக்கும் அனுப்பப்படுகின்றது. இஸ்திரிக்கைப் பெட்டியில் இட்ட சாதாரண சிரட்டைக்கரி அதுவன்று. மிகுந்த வெப்பத்தில் நீராவியூட்டி, எண்ணிறந்த நுண்துளைகளைத் திறந்தபின்னரே கரி அவ்வாற்றலைப் பெறும். ஒரு கிராம் கரியின் உள்மேற்பரப்பு ஆயிரம் சதுர மீற்றர் அளவினதாகவும் இருக்கும். மஞ்சள் நிறத்தையும் மணத்தையும் அது நீக்கும், அமோனியாவை நீக்காது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அதன் துளைகள் நிரம்பிவிடும். பின்னர் அதனை மாற்றுதல் வேண்டும். நோய்க்கு மருந்திடும் நாட்களிற் கரியை வெளியே எடுத்துவிடுக; இன்றேல் மருந்தையே அது விழுங்கிவிடும்.

சியோலைட்டு என்னுங் கனிப்பொருள் நன்னீரில் அமோனியாவை ஈர்க்கும். இடர்நேரத்தில் அது உதவி செய்யும். ஆனால், உப்புநீரில் இட்டால் பிடித்ததை எல்லாம் அது விட்டுவிடும். மீனுக்கு நோயென்று தொட்டியில் உப்பிடும் வழக்கம் நம்மிற் பலர்க்கு உண்டு. சியோலைட்டு இருக்கும் தொட்டியில் அவ்வாறு செய்தல் கேடாய் முடியும்.

இம்மூன்றையும் அடுக்கும் முறை இது: நீர் முதலிற் பெருந்துளை ஸ்பொஞ்சையும், அடுத்து நுண்பஞ்சையும், அதன்பின் வளையங்களையும், வேண்டுமாயின் ஈற்றிற் கரியையுங் கடத்தல் வேண்டும். தூசியை முன்னரே தடுத்தால் நுண்ணுயிரின் வீடு அடைபடாது. பம்பியானது மணிக்குத் தொட்டி நீரின் நான்கைந்து மடங்கை ஓட்டுவதாயின் பெரும்பாலும் போதுமானது. எமது 55 லீற்றர்த் தொட்டிக்கு மணிக்கு 200 முதல் 300 லீற்றர் அளவு.

எந்த வடிபொருளை வாங்கினும் கைவிடலாகாத வேலை ஒன்றுண்டு. நைத்திரேற்று நீரிலே சேர்ந்துகொண்டே போகும். வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுதலே அதனைக் குறைக்கும் எளிய வழி.

யாழ்ப்பாணத்து வாசகர்க்கு

கிணற்றுநீரைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு சொல். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். அங்குள்ள நீர் பெரும்பாலும் வன்னீர். அழகிற்காகவோ வடிபொருளாகவோ முருகைக்கல்லை இட்டால் வன்மையும் காரத்தன்மையும் மேலும் ஏறும். காரத்தன்மை ஏற ஏற அமோனியாவின் நச்சுப் பங்கும் ஏறும். 25 பாகை வெப்பநிலையில் பீ.எச். பெறுமானம் 7 ஆயின், அமோனியாவின் நூற்றில் ஒரு பங்கிற்குங் குறைவானதே நச்சு வடிவில் நிற்கும்; 8 ஆயின் ஐந்து பங்கிற்கு மேல் நிற்கும். எனவே வன்னீரில் மீன் வளர்ப்போர் நுண்ணுயிரின் வீட்டை இன்னும் கருத்தோடு பேணுதல் வேண்டும். தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள கிணறுகள் சிலவற்றில் உரத்தினின்று இறங்கிய நைத்திரேற்று முன்னரே மிகுந்திருத்தலும் உண்டு. நீர் மாற்றுமுன் அதனையுஞ் சோதித்தல் நன்று.

மின்சாரம் நிற்கும் வேளையையும் மறத்தலாகாது. 2022 ஆம் ஆண்டு நாடெங்கும் நெடுநேர மின்வெட்டு நிகழ்ந்தபோது நாம் யாவரும் விளக்கையும் விசிறியையுமே எண்ணினோம். மூடிய வடிகட்டியினுள் நீரோட்டம் பல மணிநேரம் நின்றால் அங்குள்ள நுண்ணுயிர் ஒட்சிசனின்றி மாளும். மின் வந்தவுடன் அந்த அழுகல்நீர் தொட்டியிற் பாயும். மின் நின்ற சில மணிக்குள் ஸ்பொஞ்சையும் வளையங்களையும் எடுத்துத் தொட்டி நீரிலேயே இட்டுவைத்தல் நன்று.

கழுவும் முறை

ஸ்பொஞ்சைக் கழுவவே கூடாதோ என்று கேட்பார் உளர். கழுவுதல் வேண்டும், அடைபட்ட ஸ்பொஞ்சு நீரோட்டத்தைத் தடுக்கும். தொட்டியிலிருந்து மாற்றுவதற்காக எடுத்த நீரை வாளியில் விட்டு, அதிலே ஸ்பொஞ்சை இரண்டு மூன்று முறை பிழிந்து, கபிலநிறம் முற்றும் போகுமுன் மீண்டும் வைத்துவிடுக. குழாயின்கீழ் வைத்தலாகாது, சவர்க்காரம் ஒருபோதும் ஆகாது. நுண்பஞ்சை எறியலாம், அது மலிவானது, நுண்ணுயிரிற் பெரும்பகுதி அதில் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளிற் கழுவாது, இன்று ஸ்பொஞ்சாயின் வளையங்களைச் சில வாரங் கழித்துக் கழுவுக. புதிய ஸ்பொஞ்சு வாங்கினால் பழையதை எறியாது இரண்டையும் ஒரு மாதம் அருகருகே வைத்து, பழையதைப் பின்னர் நீக்குக.

முற்றிலும் புதிய தொட்டியாயின், நுண்ணுயிர் தானாகப் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை மீன்களைச் சிலவாக விடுக; நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் உண்ணத்தக்க அளவே இரையிடுக. நண்பர் வீட்டில் நோயற்ற தொட்டி உண்டாயின் அங்கிருந்து பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குக.

எமக்கும் அந்தத் துண்டே கைகொடுத்தது. எஞ்சிய நான்கு மீன்களுக்கு இரையை நிறுத்தினோம். குளோரீன் நீக்கிய நீரால் நாடோறும் பாதித் தொட்டியை மாற்றினோம். எம்மிடம் இரசாயனம் பயிலும் மாணாக்கன் ஒருவன், தன் வீட்டுத் தொட்டியின் ஸ்பொஞ்சிற் பாதியை வெட்டி, அத்தொட்டி நீரிலேயே நனைத்துப் பொலித்தீன் பையிற் கொண்டுவந்து தந்தான். ஆசிரியர்க்கு மாணாக்கன் தந்த உறைமோர் அது. மூன்று வாரத்தின் பின் சோதித்தபோது நீரில் நிறமாற்றம் இல்லை. நான்கும் பிழைத்தன.

இவ்வாண்டு பொங்கலுக்கு வீடு மீண்டும் கழுவப்பட்டது. தொட்டியின் கண்ணாடியை மட்டும் எம் மகள் துடைத்தாள், நுண்பஞ்சை மாற்றினாள், ஸ்பொஞ்சைத் தொட்டி நீரிலே பிழிந்து கபிலநிறத்தோடே திரும்ப வைத்தாள். பிழிந்த நீரை வாசலிலுள்ள கறிவேப்பிலைக்கு ஊற்றினாள். வந்த உறவினர் ஒருவர், "இந்தப் பஞ்சு ஊத்தையாய்க் கிடக்குதே, பிள்ளை, மாத்தேல்லையோ?" என்று கேட்டார். "அது ஊத்தையில்லை, மாமி, அதுதான் மீனைக் காக்குது" என்றாள்.